பெரிய தலையும் மூன்று நாள் வயிற்றுப்போக்கும்: குளூட்டாரிக் அசிடூரியா வகை 1, ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் தமிழ்நாட்டின் ஒரு சிறு நகரத்தில் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். 2018 ஆவணியில் ஒரு பத்து மாத ஆண் குழந்தை எங்கள் மருத்துவமனைக்கு வந்தான். அவனைப் பற்றியும், பின்னால் பிறந்த அவன் தங்கையைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். பெற்றோர் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

அப்பா லோடு வேன் ஓட்டுகிறார், அம்மா வீட்டிலேயே தையல் தைக்கிறார். அவர் கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை. ஆக, குழந்தையின் அம்மாச்சிக்குத் தம்பியும் மருமகனும் ஒரே ஆள்தான். எங்கள் பக்கம் இது யாருக்கும் புதிதில்லை. தமிழ்நாட்டில் நாலில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்தில்தான் நடக்கின்றன.

முதல் பிள்ளை நிறை மாதத்தில் பிறந்தவன், எடை 3.1 கிலோ. பிரசவ மருத்துவமனை கொடுத்த சீட்டில் தலைச் சுற்றளவு 36 செ.மீ. என்று எழுதியிருந்தது. சாதாரணமாக 34, 35 இருக்கும். கழுத்து நிற்க ஐந்து மாதம் ஆயிற்று. பத்து மாதத்தில் கையை ஊன்றித்தான் உட்கார்ந்தான். தலை பெரிது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். "அவங்க தாத்தா மண்டை அப்படியே" என்று சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள்.

அதற்கு முன்பே இரண்டு முறை அவனை நான் பார்த்திருக்கிறேன், ஒரு முறை தடுப்பூசிக்கு, ஒரு முறை சளிக்கு. என் குறிப்பில் எடை இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, நெஞ்சுச் சத்தம்கூட இருக்கிறது. தலைச் சுற்றளவு இல்லை. டேப் என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது.

முதல் மூன்று நாட்கள்

சனிக்கிழமை இரவு வயிற்றுப்போக்கும் வாந்தியும் தொடங்கின. ஞாயிறு காலை வந்தார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மருந்தும் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். "பால் குடிக்கவே மாட்டேங்கிறான் சார், இழுத்துட்டு விட்டுடறான்" என்று அம்மா சொன்னது நினைவிருக்கிறது. வயிறு சரியானால் குடிப்பான் என்றேன்.

திங்கள் காலை குழந்தை சோர்ந்து வந்தான். கண் குழி விழுந்திருந்தது. சேர்த்துக்கொண்டு, இழந்த நீரை ஈடுகட்ட ரிங்கர் லாக்டேட் ஏற்றினோம். நீரிழப்புக்கு அது சரியான மருத்துவம்தான். பிழை அதற்குப் பிறகு நடந்தது. வாந்தி நிற்கும் வரை வாய்வழி எதுவும் வேண்டாம் என்று எழுதிவிட்டு, சர்க்கரைச் சத்து இல்லாத அதே திரவத்தையே ஏறக்குறைய 14 மணி நேரம் ஓட விட்டேன். நடுவில் ஒரு முறை ரத்தச் சர்க்கரை பார்த்தோம், 68 இருந்தது. அதைப் பார்த்து நிம்மதியும் அடைந்தேன். ஞாயிறு முழுவதும் பால் சரியாகக் குடிக்காத குழந்தை திங்கள் முழுவதும் பட்டினி கிடந்தான். அன்று அந்தக் கணக்கை நான் போடவில்லை.

இரவு 2 மணிக்குச் செவிலியர் அழைத்தார். குழந்தை வில்லாக வளைந்திருந்தான். நாக்கு வெளியே தள்ளித் தள்ளி வந்தது, விரல்கள் முறுக்கிக்கொண்டிருந்தன, கண் மேலே போய் நின்றது. வலிப்பு என்று எடுத்துக்கொண்டு மிடசோலம் கொடுத்தோம், பிறகு வால்ப்ரோயேட் தொடங்கினோம். மூளைக் காய்ச்சலாக இருக்கலாம் என்று ஆன்டிபயாடிக்கும் அசைக்ளோவிரும் சேர்த்தோம். முதுகுத் தண்டு நீர் எடுத்துப் பார்த்ததில் எல்லாம் சாதாரணம். ரத்தத்தில் அமிலத்தன்மை கொஞ்சம் கூடியிருந்தது. அதை வயிற்றுப்போக்கின் கணக்கில் எழுதினேன்.

செவ்வாய் காலை சி.டி. ஸ்கேன் எடுத்தோம். நெற்றி, பொட்டுப் பகுதிகளில் மூளைச் சுருக்கம் என்று அறிக்கை வந்தது.

இரண்டு கேள்விகள்

அன்று மதியம் ஒரு பெரிய மையத்தில் இருக்கும் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் போனில் பேசினேன். விவரத்தைச் சொல்லி முடித்ததும் இரண்டு கேள்வி கேட்டார். தலைச் சுற்றளவு எவ்வளவு? அப்பா அம்மா சொந்தமா?

இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. போனை வைக்காமலே டேப்போடு கட்டிலுக்குப் போனேன். 48.5 செ.மீ. அந்த வயது ஆண் குழந்தைக்கு 45 செ.மீ.யை ஒட்டி இருக்க வேண்டும். 48 தாண்டினாலே காரணம் தேட வேண்டும். அம்மாவிடம் கேட்டேன். "எங்க மாமாதான் சார், அம்மாவோட கூடப் பிறந்தவங்க" என்றார்.

"மூளை சுருங்கியிருக்குன்னா தலை எப்படி இவ்வளவு பெரிசா இருக்கும்?" என்று கேட்டார் அந்த மருத்துவர். நான் அறிக்கையைப் படித்தேனே தவிர, படத்தையும் குழந்தையையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை. பெரிய தலைக்குள், மூளையின் இரு பக்கவாட்டுப் பிளவுகளும் வாயைத் திறந்தாற்போல அகன்றிருந்தன. வௌவால் சிறகு என்று இதைச் சொல்வார்கள். அது சுருக்கமே இல்லை. அந்தப் பகுதி முழுமையாக வளர்ந்து மூடாமலே நின்றுவிட்டது.

அவர் சொன்னபடி மூன்று முடிவுகளை அப்போதே எடுத்தோம். 10 சதவீத குளுக்கோஸை உப்புகளோடு சேர்த்து ஏற்றுவது. வால்ப்ரோயேட்டை நிறுத்துவது, ஏனென்றால் இப்படிப்பட்ட நோயில் தேங்கும் அமிலங்களைப் பிடித்து வெளியேற்ற உதவும் கார்னிட்டின் என்ற பொருளை அது உடம்பில் குறைத்துவிடும். 24 மணி நேரம் புரதம் எதுவும் கொடுக்காமல் குழந்தையை உடனே அவர்களிடம் அனுப்புவது. அங்கே போனதும், சோதனை முடிவுக்குக் காத்திராமல் கார்னிட்டின் தொடங்கினார்கள். இந்த அவசரம் சரி என்றே இன்றும் நினைக்கிறேன். முடிவு வர நாளாகும். கார்னிட்டின் தேவையில்லாமல் கொடுக்கப்பட்டிருந்தாலும் பெரிய கேடு இல்லை.

எம்.ஆர்.ஐ.யில் மூளையின் உள்ளே, அசைவைச் சீர்படுத்தும் நரம்பணுத் திரள்களான காடேட், புட்டமென் என்ற கருக்கள் இரண்டும் இரு பக்கமும் அடிபட்டிருந்தன. உலர்ந்த ரத்தப் பொட்டில் குளூட்டாரில்கார்னிட்டின் கூடுதல். சிறுநீரில் குளூட்டாரிக் அமிலமும் 3-ஹைட்ராக்சி குளூட்டாரிக் அமிலமும் மிகக் கூடுதல். ஆறாம் நாள் நோய்க்குப் பெயர் கிடைத்தது: குளூட்டாரிக் அசிடூரியா வகை 1. இரண்டு மாதம் கழித்து வந்த மரபணுச் சோதனையும் அதை உறுதி செய்தது. ஜி.சி.டி.எச். மரபணுவின் இரண்டு பிரதியிலும் ஒரே பிழை. அப்பாவிடம் ஒரு பிரதியில், அம்மாவிடம் ஒரு பிரதியில்.

இது என்ன நோய்

நாம் சாப்பிடும் புரதத்தில் லைசின், டிரிப்டோபேன் என்று இரண்டு அமினோ அமிலங்கள் உண்டு. அவற்றை உடம்பு படிப்படியாக உடைக்கிறது. அந்தப் படிகளில் ஒன்றைச் செய்யும் என்சைம் இந்தக் குழந்தைகளுக்கு வேலை செய்வதில்லை. படிக்கட்டின் நடுவில் சரக்கு தேங்குகிறது. தேங்குவதுதான் சிறுநீரில் கண்ட அந்த இரு குளூட்டாரிக் அமிலங்கள். மூளைக்குள் உண்டாகும் அமிலம் ரத்தத்துக்கு எளிதில் வெளியேறாமல் அங்கேயே தங்கிவிடுகிறது.

சாதாரண நாளில் குழந்தை எப்படியோ சமாளித்துக்கொள்ளும். காய்ச்சல், வாந்தி, பட்டினி என்று வரும்போதுதான் ஆபத்து. வெளியிலிருந்து சோறு வராவிட்டால் உடம்பு தன் சதையையே உருக்கி எரிக்கும். சதை என்றால் புரதம், புரதத்தில் லைசின். வாயில் ஒரு பருக்கை போகாத குழந்தையின் ரத்தத்தில் லைசின் வெள்ளமாக வரும். 3 மாதத்திலிருந்து 36 மாதம் வரை இந்த ஆபத்து மிக அதிகம். ஆறு வயதுக்கு மேல் மிக அரிது. சிகிச்சை இல்லாமல் விட்டால் பத்தில் எட்டு, ஒன்பது குழந்தைகள் இப்படியொரு நெருக்கடியில் மூளைக் கருக்களை இழக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே இரவில்.

உலக அளவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பிறப்பில் ஒன்று. சொந்தத்திலேயே மணம் முடிக்கும் மக்களிடையே இன்னும் கூடுதல். 1975இலேயே இந்த நோய் விவரிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் ஆமிஷ் என்ற கிறித்தவச் சமூகத்தின் குழந்தைகள் பலர் செரிப்ரல் பால்சி, அதாவது மூளை பாதிப்பால் வரும் அசைவுக் குறைபாடு, என்ற பெயரிலேயே நெடுநாள் இருந்தார்கள். ஹோம்ஸ் மார்டன் என்ற குழந்தை மருத்துவர் 1980களின் கடைசியில் அவர்களிடம் இந்த நோயைக் கண்டார். 1989இல் அந்த ஊர்ப்பக்கமே ஒரு மருத்துவமனையைத் தொடங்கி, பிறந்தவுடன் சோதனை செய்வது, காய்ச்சல் வந்தால் உடனே குளுக்கோஸ் ஏற்றுவது என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். அடுத்து வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் தப்பினார்கள். அதைப் படித்த நாளில், எங்கள் ஊர்ச் சிறப்புப் பள்ளியில் செரிப்ரல் பால்சி என்று எழுதி வைத்திருக்கும் பிள்ளைகளில் பெரிய தலைக்காரர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நோயில் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் கசியக்கூடும். குழந்தையை யாரோ அடித்துவிட்டார்கள் என்று பெற்றோர் மேல் சந்தேகம் விழவும் வாய்ப்புண்டு.

வீட்டில் சொன்னபோது

குடும்பம் முதலில் தடுப்பூசியைச் சொன்னது. மூன்று வாரம் முன்புதான் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டிருந்தார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று பலமுறை உட்கார்ந்து விளக்கினேன். இந்தக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி மற்றவர்களைவிட அதிகமாகவே வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு தொற்றும் அவர்களுக்கு ஆபத்து. ஊசி போட்டபின் காய்ச்சல் வந்தால் சாப்பாட்டை விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அப்புறம் பழி அம்மா மேல் திரும்பியது. பால் சரியில்லை, ராசி சரியில்லை என்றார்கள். ஒரு நாள் அம்மாச்சி தனியாக வந்து உட்கார்ந்தார். "ஐயா, எங்க சித்தப்பா மக ஒருத்தி இப்படித்தான் இருந்தா. காய்ச்சல் வந்து ஒரே ராத்திரியில கை காலெல்லாம் முறுக்கிக்கிச்சு. மூணு வயசுல போயிட்டா. காத்து கருப்புன்னாங்க, கழிப்பு கழிச்சாங்க" என்றார். ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்து காட்டினேன். பிழைபட்ட பிரதி இரு பக்கமும் ஒரே மூதாதையரிடமிருந்து இறங்கி வந்திருக்கிறது, அப்பாவிடமும் சரிபாதி இருக்கிறது என்று அந்தத் தாளில் பார்த்த பிறகுதான் வீட்டில் பேச்சு அடங்கியது. அந்தத் தாள் இன்னும் அவர்களிடம் இருக்கிறது.

பையனுக்கு இழந்தது திரும்பவில்லை. பாக்லோஃபென், டிரைஹெக்சிஃபெனிடில் என்று மருந்து மாற்றி மாற்றி முறுக்கைக் கொஞ்சம் தளர்த்தினோம். விழுங்கச் சிரமப்படுவான். தாங்கிப் பிடிக்காமல் உட்கார முடியாது. ஆனால் எல்லாம் புரியும். அப்பாவின் வேன் சத்தம் தெருமுனையில் கேட்டாலே சிரிப்பான். ஆம் என்றால் மேலே பார்ப்பான், இல்லை என்றால் கண்ணை மூடிக்கொள்வான். இப்போது ஏழு வயது.

இரண்டாவது பிள்ளை

2020இல் அம்மா மீண்டும் கருவுற்றார். ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு என்பது முன்பே சொல்லப்பட்டிருந்தது. 11 வாரத்துக்கு மேல் நஞ்சுத் திசு எடுத்துப் பார்க்கலாம் என்பதையும் சொன்னோம். இருவரும் ஒரு வாரம் யோசித்தார்கள். "பிறக்கட்டும் மாமா, பிறந்த அன்னிலேருந்தே பாத்துக்குவோம்" என்று அம்மா சொன்னதாக அப்பா வந்து சொன்னார். அது அவர்களின் முடிவு. வேறு குடும்பம் வேறு முடிவெடுத்தால் அதுவும் அவர்கள் உரிமை. எங்கள் வேலை, அந்த முடிவுக்கு ஏற்ப முன்கூட்டியே எல்லாம் தயாராக இருப்பது. நம் ஊரில் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் இந்தச் சோதனை செய்யப்படுவதில்லை. தெரிந்து கேட்டால்தான் நடக்கும். அதனால் ரத்தப் பொட்டு எடுக்கும் அட்டையைப் பிரசவத்துக்கு முந்தைய மாதமே வாங்கி வைத்தோம்.

பெண் குழந்தை. மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி ரத்தப் பொட்டு எடுத்தோம், சிறுநீரும் அனுப்பினோம். இவளுக்கும் இருந்தது. பத்தாம் நாளுக்குள் கார்னிட்டின், கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மி.கி. என்ற அளவில் தொடங்கியது. தாய்ப்பாலை நிறுத்தவில்லை. லைசின் இல்லாத சிறப்புப் பால்மாவை முதலில் அளந்து கொடுத்துவிட்டு, பிறகு தாய்ப்பால். ஒன்றிய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கை இந்த நோயைச் சிறப்பு உணவால் சமாளிக்கக்கூடிய நோய்கள் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனாலும் டப்பா கையில் வந்து சேர்வதற்குள் பல முறை அலைந்தார்கள். நடுவில் மூன்று வாரம் கிடைக்கவே இல்லை.

திட உணவு தொடங்கியபோது சமையலறைக் கணக்கு தொடங்கியது. சம எடையில் பார்த்தால் துவரம்பருப்பில் அரிசியைப்போல ஐந்தாறு மடங்கு லைசின் இருக்கிறது. பிள்ளைக்கு முதலில் பருப்புச் சோறு ஊட்டுவதுதான் நம் வழக்கம். இவளுக்கு அது ஆகாது. ஜவ்வரிசியிலும் கூகைக்கிழங்கு மாவிலும் புரதம் மிகக் குறைவு. நெய், தேங்காய் எண்ணெயிலிருந்து எரிசக்தி கிடைக்கும். சோற்றைத் தராசில் நிறுத்து, ஜவ்வரிசிக் கஞ்சியால் வயிற்றை நிரப்பி, எடை ஏறுகிறதா என்று மாதாமாதம் பார்த்தோம். உணவு ஆலோசகர் பக்கத்தில் இல்லாமல் இதை யாரும் வீட்டில் தாமாகச் செய்யக் கூடாது. புரதம் அளவுக்கு மீறிக் குறைந்தாலும் உடம்பு சதையை உருக்கும், நாம் தவிர்க்க நினைத்ததே நடந்துவிடும்.

கடிதமும் ஓர் இரவும்

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவமனையிலும் காட்ட ஒரு கடிதம் கொடுத்திருந்தோம். இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். நோயின் பெயரில் தொடங்கி, என்சைம், மரபணு என்று போய், என்ன செய்ய வேண்டும் என்பது இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இருந்தது.

அவளுக்குப் பதினொரு மாதம் இருக்கும்போது வேறொரு ஊரில் கோயில் கொடைக்குப் போயிருந்தார்கள். இரவு வாந்தி. இரண்டு முறை ஊட்டியதும் வெளியே வந்துவிட்டது. உடனே அங்கிருந்த ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். பணியில் இருந்த இளம் மருத்துவர் குழந்தையைப் பார்த்தார். விளையாடிக்கொண்டிருந்தாள், நீரிழப்பு இல்லை. சாதாரண வாந்திதான், டிரிப்ஸ் தேவையில்லை என்றார். அவர் கண்ணில் பட்டதை வைத்துப் பார்த்தால் அது தவறான பேச்சில்லை. கடிதத்தின் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அப்பா நகரவில்லை. "மூத்தவன் இப்படித்தான் சார் இருந்தான், மறுநாள் ராத்திரி போயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே என்னைப் போனில் கூப்பிட்டார். நான் பேசிய பிறகு ஏற்றினார்கள். அதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டிருந்தது. குழந்தை தப்பினாள்.

அடுத்த வாரமே கடிதத்தைக் கிழித்து எழுதினேன். இப்போது ஒரே பக்கம். மேலே தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில்: "குழந்தை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். குளுக்கோஸ் முதலில்; சோதனை பிறகு." அதன் கீழே அன்றைய எடை, 10 சதவீத குளுக்கோஸ் உப்புகளோடு மணிக்கு எத்தனை மில்லி என்று கணக்குப் போட்டு எழுதிய எண். அப்போது 8 கிலோ, மணிக்கு 50 மில்லி. அடுத்து, 24 மணி நேரம் புரதம் நிறுத்தம், கார்னிட்டின் இரட்டிப்பு, வால்ப்ரோயேட் கூடாது, ஒரு நாளுக்கு மேல் புரதத்தை நிறுத்தி வைக்காமல் மெல்லத் திரும்பக் கொடுக்க வேண்டும். கடைசியில் என் எண்ணும் நரம்பியல் மருத்துவரின் எண்ணும். நோயின் விளக்கம் பின்பக்கம் போனது. இரவு 2 மணிக்கு, முன்பின் தெரியாத குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கும் மருத்துவருக்கு முதலில் வேண்டியது அந்த மில்லிக் கணக்குதான்.

கடிதம் வந்த பிறகு மூன்று முறை காய்ச்சலுக்கும் வாந்திக்கும் சேர்க்க வேண்டி வந்தது. மூன்று முறையும் ஒரு மணி நேரத்துக்குள் குளுக்கோஸ் ஏறியது. வீட்டிலும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற, எளிதில் சர்க்கரையாக மாறும் மாவு இருக்கிறது. இலேசான சளிக்கே கரைத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இரவிலும் எழுப்பிக் கொடுக்கிறார்கள். அம்மா அலாரம் வைத்துக்கொள்வார்.

மாற்றியது, மாற்ற வேண்டியது

எங்கள் புறநோயாளிப் பிரிவில் தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் இப்போது தலையை அளந்து, வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைக்கிறோம். அரை நிமிட வேலை. டேப் இழுப்பறையில் இல்லை, தராசுப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. இதுவரை பெரிய தலை என்று மேலே அனுப்பிய குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை, குடும்ப வாகுதான். ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்வதில் எனக்கு வருத்தமே இல்லை.

சொந்தத்தில் கல்யாணமா என்ற கேள்வியை முதல் சீட்டிலேயே சேர்த்துவிட்டோம். குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் மறைத்துவிடுவார்கள். பெயர், ஊர், தொழில் கேட்கும் அதே வரிசையில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். குடும்பத்தில் யாராவது சிறுவயதில் காய்ச்சலோடு கை கால் விழுந்து போனார்களா என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் பாட்டிகளிடம்தான் அதற்குப் பதில் கிடைக்கிறது.

பட்டினி கிடக்கும் எந்தக் குழந்தைக்கும், நோய் என்னவென்று தெரியாவிட்டாலும், நீரிழப்பு சரியானதும் ஏற்றும் திரவத்தில் குளுக்கோஸ் இருக்கிறதா என்று செவிலியர்கள் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்துக் கையெழுத்திடுகிறார்கள். 2018இல் இந்த ஒன்று இருந்திருந்தாலே பையன் நடந்திருப்பானா என்று அவன் அப்பா ஒரு முறை கேட்டார். நடந்திருக்க வாய்ப்பு இருந்தது என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மகள் கடிதத்தில் எடையை மாற்றித் தரச் சொன்னார்.

நான் இன்னும் சரிசெய்யாதது ஒன்று உண்டு. பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் ரத்தப் பொட்டுச் சோதனை செய்ய எங்கள் ஊரில் வழி இல்லை. முதல் பிள்ளை பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மட்டுமே நாங்கள் முன்கூட்டிப் போக முடிகிறது.

பெண்ணுக்கு இப்போது நாலு வயது. ஓடுகிறாள், கோர்வையாகப் பேசுகிறாள், அண்ணனின் கண் அசைவை எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வதும் அவள்தான். ஆபத்தான வயது இன்னும் முழுவதுமாகக் கடக்கவில்லை. போன மாதம் 14 கிலோ. கடிதத்தில் பழைய எண்ணை அடித்துவிட்டு மணிக்கு 75 மில்லி என்று எழுதிக் கொடுத்தேன்.